அப்பா சம்பாதித்த பெயர்

தாமல் போகும் ரோட்டில் இருந்த தன் ஃபர்னிச்சர் கடையின் ஷட்டரைத் தூக்கியதிலிருந்தே வேலாயுதம் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"நாற்காலிங்களுக்குக் கலர் ஏறிக்கிச்சா?" என்றார் மனைவி கிருஷ்ணவேணியிடம்.

"நாலு கோட்டு அடிச்சிட்டேன். இதைப் பெத்த காடே வந்தாலும் அடையாளம் தெரியாது. நீ இன்னாத்துக்கு நடுங்கிக்கினு இருக்க? மூஞ்சை நேரா வச்சுக்கய்யா."

மரத்துக்கு ஊர் பேர் மாற்றுவது அந்தக் குடும்பத்துக்குப் புதிதில்லை. வேலாயுதத்தின் அப்பா முனிசாமி, ஏரிக்கரை வாகையை அறுத்து, பாலிஷ் போட்டு, 'அசல் பர்மா தேக்கு' என்று முப்பது வருடம் விற்றவர். காஞ்சிபுரத்தில் பாதிக் கல்யாணக் கட்டில் அவர் கொடுத்ததுதான். குட்டு உடைந்தபோது, ஜரிகையைச் சுரண்டிப் பார்த்துப் புடவை எடுக்கும் ஊர், கட்டிலைச் சுரண்டாமல் விட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டது. மனிதர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். கெட்ட பெயர் மட்டும் மகனுக்கு மிஞ்சியது. உள்ளூரில் ஒரு முக்காலிகூட விற்கவில்லை.

அந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து நதியா என்ற பெண் வந்து, ஒரு ரிசார்ட்டுக்கு அறுபது நாற்காலி கேட்டாள். இதுவும் கைவிட்டுப் போனால் மச்சானுடைய கோழிக்கடையில் இறகு பிடுங்கத்தான் போக வேண்டும். அந்த மச்சான் முகத்தை நினைத்தாலே வேலாயுதத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பத்து மணிக்கு நதியாவின் கார் வந்து நின்றது. கூடவே இறங்கினார் லியாகத் அலி பாய். நாற்பது வருடம் மரவேலை பார்த்தவர்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார்," என்றாள் நதியா. "போன மாசம் ஒரு பட்டுப்புடவைல நல்லா ஏமாந்துட்டேன். அதான் பாயைக் கூட்டிட்டு வந்தேன். காசு கூடக் கொடுத்துதான் அந்த மரம் வேணும்னு கேட்டிருக்கேன். வேற மரம்னா ஆர்டர் கேன்சல். போலீசுக்கும் போவேன்."

பாய் ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு இரண்டு தட்டு தட்டினார். பையிலிருந்து உளியை எடுத்தார். அப்போது சுவரில் மாலையோடு தொங்கிய முனிசாமியின் படம் கண்ணில் பட்டது. உளியைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டுச் சிரித்தார்.

"இந்தக் கடையா? இதுக்கு உளி எதுக்கும்மா? என் நிக்காவுக்கு பர்மா தேக்குன்னு கட்டில் குடுத்தாரு இந்த மனுசன். அப்பால நானே இழைச்சுப் பாத்தா, உள்ள வாகை. இவங்க கடைக்குள்ள வேற மரம் நுழைஞ்சதே இல்ல. இதுவும் நம்ம ஏரிக்கரை வாகைதான். எங்க வேணா வந்து சொல்றேன்."

வேலாயுதம் கண்ணை மூடிக்கொண்டார். கிருஷ்ணவேணி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

நதியா கைப்பையைத் திறந்து செக்கை எடுத்து நீட்டினாள்.

"தேங்க்ஸ் பாய். வெளிநாட்டு மரமே கூடாது, நம்ம ஊர் வாகைதான் வேணும்னு ரிசார்ட்ல கண்டிஷனாச் சொல்லிட்டாங்க."

கார் மறைந்ததும் வேலாயுதம் அப்பாவின் படத்துக்குப் புது மாலை வாங்க ஓடினார். கிருஷ்ணவேணி கொல்லைப்பக்கம் போய், வாகை விற்கிற விலைக்குப் பயந்து மலிவாக வாங்கி, நாற்காலி செய்தது போக மீதியிருந்த மரத்திலிருந்து 'ஆப்பிரிக்கா' என்ற ஸ்டிக்கரைச் சுரண்டத் தொடங்கினாள்.