ஓட்டப்புலி

"ஈசிஜி சுத்தமா இருக்கு. உங்க வாட்ச்தான் வேற கதை சொல்லுது," என்றார் டாக்டர். "காலையில ஓடி நின்னதும் இதயம் நடுநடுவே துடிக்கத் தவறுது. உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியலையே," என்றார் மேலாளர்.

"எங்கே தெரியும்? ஆபீஸ்ல 'ஓட்டப்புலி'ன்னு பட்டம் குடுத்ததுலேருந்து இவருக்குத் தரையில கால் பாவல," என்று மனைவி மூக்கை உறிஞ்சினாள்.

"இனிமே ஓடினா இதயம் பாதி வழியிலேயே நின்னுடும். மாத்திரையை இன்னிக்கே ஆரம்பிங்க," என்றார் டாக்டர்.

மேலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மனைவியைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

அவள் மருந்துக் கடைக்குப் போக, அவர் காரில் வந்து உட்கார்ந்தார். டிரைவர் பதறித் திரும்பினார்.

"வாட்ச்சுல தூரம் குறைஞ்சிடுச்சா சார்? நாலஞ்சு நாளா ஓடி நின்னா நெஞ்சு படி தவறுன மாதிரி இருக்கு. அதான் மெதுவா ஓடறேன்."

தினமும் விடியலில் மேலாளர் காருக்குள் குறட்டை விட, அவருடைய வாட்ச்சைக் கட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றுபவர் டிரைவர்தான்.

"இனி ஓட வேண்டாம்ப்பா. வந்து..."

கதவு திறந்தது. மனைவி ஏறி உட்கார்ந்து, மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினாள்.

"இவருக்கு இதயத்துல கோளாறாம்ப்பா," என்றாள் டிரைவரிடம்.

ஓட்டப்புலி ஒரு கணம் தயங்கியது. பிறகு மாத்திரையை விழுங்கியது.

டிரைவர் தன் நெஞ்சை நீவிக்கொண்டே வண்டியைக் கிளப்பினார்.

"உடம்பைப் பாத்துக்குங்க சார். உங்களை நம்பித்தான் என் குடும்பமே இருக்கு."