மச்சான் பார்த்த வண்டி

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பார்த்து யோசனை சொல்லும்படி அவள் அண்ணனை அழைத்து வந்தது அவள் கணவன்தான். அவளும் கூட நிற்க, அண்ணன் காரை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இதுக்கா என்னைக் கூப்பிட்டீங்க, மாப்பிள்ளை? கியர் போட்டா கட்டை அறுக்கிற சத்தம். ஸ்பேர் பார்ட்ஸ் குதிரைக்கொம்பு. நாளைக்கு விக்கணும்னா பழைய இரும்புக்காரன்கூட யோசிப்பான். உங்க மூஞ்சிக்கு இது ஒரு கேடா?"

வண்டியைக் காட்டிய புரோக்கர் கமுக்கமாகச் சிரித்தான்.

"நீங்க சொன்னா சரி, மச்சான்" என்று கணவன் தலையைக் குனிந்துகொண்டான். பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி நிற்கிறாரே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் மாலை அதே கார் அவர்கள் வாசலில் உறுமிக்கொண்டு வந்து நின்றது. அண்ணன் இறங்கினார்.

"வேற யாரோ கேட்கிறதா புரோக்கர் சொன்னான். சொன்ன விலையைக் கொடுத்து அமுக்கிட்டேன். இதை ஓட்ட ஒரு கெத்து வேணும், மாப்பிள்ளை. உங்களுக்கு ஸ்கூட்டர் போதும்."

அவர் போனதும் அவள் வெடித்தாள். "நீங்க ஆசைப்பட்டதைத் தட்டிப் பறிச்சுட்டுப் போறார், சிரிக்கிறீங்களே!"

"அவசரத்துல ஆர்.சி. புக்குல இருக்கிற ஓனர் பேரைக்கூட அவர் படிக்கல போலிருக்கு."

"யார் பேரு?"

"என் பேருதான். போன வருஷம் உனக்குத் தெரியாம வாங்கி ஏமாந்துட்டேன். புரோக்கர்கிட்ட விக்கச் சொல்லி எட்டு மாசமா ஒருத்தன்கூட அதைச் சீண்டல."

"அட பாவி மனுஷா! அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நான் எதைச் சொல்றது? அதுல இருக்கிற குறையை ஒண்ணு விடாம அவரே சொல்லிட்டாரே!"