ராக் என்றால்

“பாபா, லேகீச்சா ராக் யேதோ கா?”

கேட்டுவிட்டு வைஷாலி நாக்கைக் கடித்துக்கொண்டாள். என் அப்பாவிடம் மராத்தியில் கேட்டுவிட்டாள்.

புனேயின் ஔந்தில் மனநல ஆலோசகர் வைஷாலியின் அறை. எனக்கு இது ஆறாவது வியாழக்கிழமை. வீட்டில் பகலெல்லாம் உன்னோடு இருப்பவரை ஒருமுறை கூட்டிவா என்றிருந்தாள். அப்பாவைக் கூட்டி வந்தேன். அவருக்கு மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது, நான் மொழிபெயர்க்கிறேன் என்று பெரிய மனுஷியாகச் சொல்லியும் வைத்தேன்.

மராத்தியில் ராக் என்றால் கோபம். மகள் மேல் கோபம் வருமா என்பது கேள்வி.

பக்கத்துப் பாணேரில் ஆறு வருஷம் வேலை பார்த்த எனக்கு அது புரியும். புரியாமலிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதை நான் தமிழில் அப்பாவிடம் கேட்க வேண்டும். வாயைத் திறக்கவில்லை.

ஏழு வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு. என் கைக்குழந்தை, குட்டி, இரண்டு மணி நேரமாக விடாமல் அழுதது. பால் புட்டியை வீசி எறிந்தேன். சுவரைப் பார்த்துத்தான் எறிந்தேன். அது குட்டியின் காதை ஒட்டிப் போய்ச் சுவரில் மோதியது.

அப்பா அடுப்படி வாசலில் நின்று பார்த்தார்.

வந்தார். குட்டியைத் தூக்கினார். சுவரைத் துடைத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் டிகிரி வாங்கியவள் நான். முதன்முதலில் மனசுக்கு வைத்தியம் பார்ப்பவளும் நான்தான். “ஊரு உலகத்துல எவளும் பிள்ள பெறலயாக்கும்?” என்று போனில் கேட்ட அத்தையைப் பேச்சின் நடுவிலேயே பிளாக் செய்தேன். அவள் என்ன நினைத்தால் எனக்கென்ன.

அப்பாவை எந்தப் பட்டனை அழுத்தி பிளாக் செய்வது? அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். சாத்தூரில் லாரி ஷெட்டை மூடிவிட்டு, டயப்பர் மாற்றப் படித்துக்கொண்டு, எனக்காகப் புனேவில் கிடக்கிற மனுஷன். நீயெல்லாம் ஒரு தாயா என்று அவர் ஒருமுறை கேட்டால் போதும். நான் எழுந்திருக்க மாட்டேன்.

இந்த ஆறு வாரத்தில் நான் ஒன்று கற்றுக்கொண்டிருக்கிறேன். ஆத்திரம் ஏறத் தொடங்கியதுமே, “அப்பா, குட்டியப் பிடிங்க” என்று உரக்கச் சொல்ல. சொன்னால் உடனே வருவார். வாங்கிக்கொண்டு போவார். எதையும் கேட்க மாட்டார்.

கேட்காததுதான் என்னைத் தின்றது.

அப்பா வைஷாலியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“வரும்மா,” என்றார்.

நான் இன்னும் மொழிபெயர்க்கவே இல்லை.

“தினம் வரும். சாயங்காலம் இவ குட்டியக் கையில குடுத்ததும் வரும். வெளிய விடுறதில்ல. வாய்க்குள்ளயே வச்சுக்கிருவேன்.”

வைஷாலி என் முகத்தைப் பார்த்தாள். வருமாம், தினமுமாம், வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வாராம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். யாருடைய அப்பாவைப் பற்றியோ சொல்வதுபோல் சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மேலே சொல்லட்டும் என்று கை காட்டினாள்.

தோளில் தூங்கிய குட்டியை அப்பா மறு தோளுக்கு மாற்றினார். கூச்சமாக நெளிந்தார். லாரிக்கு அடியிலேயே அறுபது வயதுவரை படுத்துக் கிடந்தவர் நெளிந்து அன்றுதான் பார்த்தேன்.

“பெரிய ராகமெல்லாம் நமக்கு வராது பாப்பா. டாக்டரம்மாகிட்ட அதயுஞ் சொல்லிரு. உங்கம்மா பாடுனத வச்சு ஏதோ ஓட்டுறேன்.”

கண்ணை மூடினார். உதட்டைத் திறக்காமல் மூக்காலேயே ஒரு தாலாட்டை இழுத்தார். முதல் அடியிலேயே சுருதி கவிழ்ந்தது. கவலையே படாமல் இரண்டாம் அடிக்குப் போனார்.

ராகம்!

ராகம் வருமா என்று கேட்டதாக எடுத்துக்கொண்டு, மனுஷன் கச்சேரியே வைத்துவிட்டார்.

சிரித்தேன். மூச்சு முட்டுகிற சிரிப்பு. சிரித்துக்கொண்டே வைஷாலிக்கு விளக்கினேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அப்பா, என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்பதுபோல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்தச் சிரிப்பில் கேள்வி எங்கோ போய் விழுந்தது. நான் அதைத் தேடி எடுக்கவில்லை. வைஷாலியும் எடுத்துத் தரவில்லை. அடுத்த வியாழனும் அப்பாவைக் கூட்டிவா என்றாள். “பாட்டுக்கா?” என்றேன்.

குட்டி பிறந்து எட்டு மாதத்தில் என் தோள் இரண்டும் இறங்கி, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது அன்றுதான்.

வெளியே தாழ்வாரத்தை அப்போதுதான் ஒரு பெண் துடைத்து முடித்திருந்தாள். அப்பா கவனிக்காமல் செருப்போடு நடந்துவிட்டார். பளபளத்த தரையில் வரிசையாக நாலு கறுப்புத் தடம். அவள் இடுப்பில் கைவைத்து முறைத்தாள்.

அப்பா நின்றார். குட்டியைப் பிடித்திருந்த கையைக் கொஞ்சம் உயர்த்திக் கும்பிடுவதுபோல் காட்டினார்.

“ராக் மானு நகா, தாயி,” என்றார்.

கோபித்துக்கொள்ளாதீர்கள் அக்கா. தட்டுத் தடங்கல் இல்லாத மராத்தி.

அவள் முகம் இளகிவிட்டது. குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்டாள். அதற்கும் மராத்தியிலேயே பதில் சொன்னார்.

“அப்பா,” என்றேன்.

“லிஃப்ட் வந்துருச்சு பாப்பா,” என்றார் என்னைப் பார்க்காமல். “ஏறு.”