பகல் ஷிஃப்ட் வாரத்துப் பெட்ரோல்

"ரெண்டு மாசமா குடி ஜாஸ்தியாயிட்டுண்ணே. இன்னிக்காவது ஒரு வழி சொல்லுங்க. இல்லேன்னா நாலு மணிக்கு வீட்ட விட்டே அனுப்பிர வேண்டியதுதான்."

மாரிசெல்வத்தின் குரல் தழுதழுத்தது. பஞ்சர் ஒட்டக் காத்திருந்த பெரியவர் ஒருவர், "யாரு தம்பி, அண்ணனா?" என்று உச்சுக்கொட்டினார்.

"காருங்க" என்றான் மாரிசெல்வம்.

மெக்கானிக் பலராமன் சிரித்துக்கொண்டே பானட்டைத் திறந்தார். "பதினேழு வருசத்து வண்டி. பெட்ரோல் குடிக்காம இளநியா குடிக்கும்? மைலேஜ் எப்படிப் பாத்த?"

மாரிசெல்வம் ஒரகடத்தில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி செக்கிங். எதையும் எழுதிவைக்காமல் விடமாட்டான். வேலைக்குப் போய்வரக் கம்பெனி பஸ் உண்டு. கார் படப்பை வீட்டு வாசலில் ஆறு நாளும் ஓய்வெடுக்கும். ஞாயிறு காலையில் டேங்கை நிரப்பி, வாலாஜாபாத்தில் இருக்கும் மச்சினி வீட்டுக்குக் குடும்பத்தோடு ஒரு நடை. போகவர அறுபது கிலோமீட்டர். காரின் கிலோமீட்டர் மீட்டர் போன வருசமே நின்றுவிட்டதால் இதுதான் அவன் கணக்கு.

"அடுத்த ஞாயிறு திரும்ப நிரப்பினா நாலு லிட்டர்தானே பிடிக்கணும்? ஏழு பிடிக்குதுண்ணே. அதுலயும் ஒரு கூத்து. எனக்கு நைட் ஷிஃப்ட் இருந்த வாரம்னா நாலுதான். பகல் ஷிஃப்ட் வாரம்னா ஏழு."

"அடேங்கப்பா! உன் ஷிஃப்ட் உன் காருக்கும் தெரியுதா? அதுக்கும் ஓ.டி. போட்டுக் குடு."

பலராமன் ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார்த்தார். பிளக்கைக் கழற்றி முகர்ந்தார். நான்கு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிவிட்டார். எல்லாம் லேசாகச் சுழன்றன; பிரேக் எதிலும் உரசவில்லை. பெட்ரோல் குழாயில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. டேங்க் மூடியின் பூட்டும் பத்திரமாக இருந்தது.

"ஒரு ரவுண்டு போலாம், ஏறு" என்றார்.

மாரிசெல்வம் ஏறி உட்கார்ந்து சீட்டைத் தட்டினான். "இந்த சீட்டு வேற, ஞாயித்துக்கிழம காலைல பாத்தா தானா முன்னால நகந்துருக்கு, முழங்கால் ஸ்டியரிங்ல இடிக்குது" என்றான். பலராமன் குனிந்து சீட்டின் கொக்கியை ஆட்டிப் பார்த்தார். அது கல்லுமாதிரி நின்றது.

ரவுண்டு முடிந்து இறங்கியபோது அவர் முகத்தில் ஒரு குறும்பு. "இன்ஜின் சோக்கா கீது. கிளட்ச்சுதான் தேஞ்சிருக்கு. லைசென்ஸுக்கு எட்டு போடக் கத்துக்கறவங்க கிளட்ச் மேலயே கால வெச்சிக்கினு ஓட்டுவாங்க பாரு, அந்தத் தேய்மானம். சீட்டும் தானா நகரல, யாரோ நகத்துறாங்க. வூட்ல யாரு செல்வம் குள்ளம்?"

மாரிசெல்வத்துக்கு மனைவி முத்துச்செல்வியின் முகம் வந்து நின்றது. அவன் தோளுக்குக்கூட எட்டமாட்டாள். காரை விற்றுத் தொலைக்கலாம் என்று புரோக்கரை வரச் சொன்னதே அவள்தான். அவளா?

வீட்டு வாசலில் அம்மா சொர்ணம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஞாயிறு தவறாமல் கேட்கும் கேள்வியைக் கேட்டாள்.

"நாளைலருந்து பகலாய்யா, நைட்டா? சோறு பொங்கத் தெரியணும்லா."

"பகல்தாம்மா."

அம்மாவின் முகம் மலர்ந்தது. மகன் ராத்திரி கண்விழிக்க வேண்டாமே என்று பெற்ற மனசுக்குத்தான் எத்தனை சந்தோஷம்!

அவன் நேராக அடுப்படிக்குப் போனான். "முத்து, உண்மையச் சொல்லு. நான் வேலைக்குப் போனப்புறம் நீதான கார எடுக்க?"

முத்துச்செல்வி கரண்டியோடு திரும்பினாள். "நானா? விடிஞ்சும் விடியாம கம்பெனி பஸ் ஏறினா இருட்டினப்புறம் வாரேன். எப்பங்க ஓட்ட? எனக்கு சைக்கிளே வராது! நீங்கதான் பகல் ஷிஃப்டுன்னு சொல்லிட்டு, திரும்பி வந்து கார எடுத்துட்டு எங்கயோ சுத்துதீக. நான் ரெண்டு மாசமா அப்படித்தான் நினைச்சிட்டிருக்கேன்!"

"நான் எங்கடி சுத்த? பஞ்ச் கார்டக் காட்டட்டுமா?"

"காட்டுங்க! இல்லேன்னா கார் இன்னிக்கே போவட்டும். பிரச்சினை தீந்துச்சு."

வாசலில் பைக் ஹாரன் கேட்டது. புரோக்கர் அண்ணாதுரை. மணி சரியாக நாலு.

மாரிசெல்வம் சாவியை எடுத்தான். பத்து வருசச் சம்பாத்தியத்தில் அவன் வாங்கிய முதல் வண்டி. காரணம் தெரியாமலே கைமாறப் போகிறது. கண்ணில் தண்ணீர் தளும்ப வாசலுக்கு வந்தான்.

அதற்குள் சொர்ணம்மாள் கீரைத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து, தன் உயரத்துக்கு மேலிருந்த கேட்டை மறித்து நின்றிருந்தாள். "வண்டி விக்கதுக்கு இல்ல. போயிட்டு வாங்க தம்பி."

அண்ணாதுரை ஒன்றும் புரியாமல் பைக்கைத் திருப்பினார்.

"யம்மா, என்ன சொல்லுத? என்ன கோளாறுன்னே தெரியாம ஏழு லிட்டர் குடிக்க வண்டிய வச்சு என்ன செய்ய?"

அம்மா மகனையும் மருமகளையும் மாறிமாறிப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா வெட்கமா என்று தெரியவில்லை.

"வண்டில ஒரு கோளாறும் இல்லய்யா. எட்டெல்லாம் நல்லா போடுதேன். ரிவர்ஸுதான் இன்னும் வரமாட்டேங்கு."