கட்டோடு விற்ற பேப்பர்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. நம்ம மலையில் ஒரு பேப்பர் மிச்சமில்லாமல் விற்றுப்போனது. அதனாலேயே அதை நடத்தினவர் இடிந்துபோனார். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

"ஒண்ணுகூட இல்லீங்க சார்" என்றான் ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் பேப்பர் கடை வைத்திருக்கும் மணி. "கட்டைக்கூடப் பிரிக்கல. அப்படியே போயிருச்சு."

பேப்பரை நடத்தும் எல்வினுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. வாரம் ஒரு தடவை வரும் நாலு பக்கப் பேப்பர் அது. தானே எழுதி, சேலத்தில் அச்சடித்து, பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்தே அவருக்குத் தலை நரைத்துவிட்டது. எந்த வாரமும் பாதிக் கட்டுக்கு மேல் போனதில்லை.

"யாரு வாங்குனது மணி?"

"எஸ்டேட் ஜீப்புங்க. நல்ல சேதி போட்டுருக்கீங்களாட்ட இருக்குதுன்னு நானும் தூக்கிக் குடுத்துட்டேன்."

எல்வினுக்குப் புரிந்துவிட்டது. நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்று காட்டு ஊற்றை வேலிபோட்டு வளைத்து, தன் விருந்தினர் பங்களாக்களுக்குக் குழாயில் இழுத்துக்கொண்டிருந்தது. கீழே ஊர்க்காரர்கள் குடத்தோடு அலைந்தார்கள். அதைத்தான் படத்தோடு முதல் பக்கத்தில் போட்டிருந்தார். ஊர் படிக்கும் முன்பே பேப்பர் மொத்தமும் எஸ்டேட்டுக்குப் போய்விட்டது.

மத்தியானம் எஸ்டேட் ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள். முழங்கால் வலியோடு ஏறிப் போனார்.

வராந்தாவில் பெண்கள் பட்டர் ஃப்ரூட்டைக் குவித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சுற்றிக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பழம் இறங்கும் காலத்தில் பெரிய அதிகாரிகளுக்கெல்லாம் இங்கிருந்து கூடை போகும். அது பழைய வழக்கம்.

"வாங்க எல்வின் சார். நொம்ப எளச்சுப் போயிட்டீங்க" என்றார் ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் ரைட்டர் சின்னராஜ். "ஒரு பழம் அறுக்கச் சொல்லட்டுங்களா?"

"விஷயத்தைச் சொல்லுங்க."

"வேலிக்குள்ள பூந்து படம் புடிச்சது யாருங்க? எங்க ஆளுகள்லதான் ஒருத்தரு. பேரைச் சொல்லிப் போடுங்க. சேதி தப்புன்னு அடுத்த வாரம் நாலு வரி போடுங்க. அதோட முடிஞ்சுது."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி அடுத்த வாரமே இல்லீங்களே. அச்சகத்துக்காரரு இனி உங்களுக்கு அடிச்சுத் தர மாட்டாரு. பேசியாச்சு."

அந்த நேரம் பார்த்து, கூடைகளுக்கு நடுவிலிருந்து காளியாயி என்கிற பெண் தலையைத் தூக்கினாள்.

"ஏனுங்க ரைட்டரே, சுத்தறதுக்குக் காயிதம் தீந்துபோச்சுங்க."

"குடோன்ல கெடக்கறத எடுத்துக்க. இதுக்கும் நாந்தான் எந்திரிச்சு வரோணுமா? கலெக்டரம்மா கூடைதான் மொதல்ல போகோணும், பாத்துக்க."

அவள் இடுப்பில் செருகியிருந்த ஃபோனைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனாள். எல்வின் பக்கம் திரும்பவில்லை, எல்வினும் பார்க்கவில்லை.

"உங்க சேதியத்தான் ஒருத்தரும் படிக்கலீங்களே" என்றார் சின்னராஜ், கொஞ்சம் இரக்கத்தோடேயே. "அப்பறம் யாருக்கு இந்த வீம்பு?"

"பேரைச் சொன்னா, நாளைக்கு இந்த மலைல எவனும் என்கிட்ட வாயத் தொறக்க மாட்டான். பேப்பர் நின்னாலும் நிக்கட்டுங்க."

சொல்லிவிட்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஃபோன்ல போட்டு உடலாமில்லீங்க?" என்றாள் அவர் மனைவி சாரா.

"போடலாம். நாலு பேரு கட்டைவெரலக் காட்டிட்டுப் போயிருவாங்க." கண்ணை மூடிக்கொண்டார். "போதும் சாரா. உட்டுர்றேன். என்னால முடியல."

மறுநாள் காலையில் அவர் வாசலில் தொங்கிய பேப்பர் பெயர்ப் பலகையைக் கழற்றினார். சாரா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். பலகை இருந்த இடம் மட்டும் சுவரில் வெள்ளையாகத் தெரிந்தது.

மத்தியானம் ஃபோன் அடித்தது. பெண் குரல்.

"எல்வின் சாருங்களா? கலெக்டர் பேசறேன். நம்பர் உங்க பேப்பர்லயே இருந்துச்சு."

"என் பேப்பர் எங்கயும் போகலீங்களே, மேடம்."

"எனக்கு வந்துச்சே. எஸ்டேட்லருந்து ஒரு கூடை பழம் அனுப்பியிருந்தாங்க. திருப்பி அனுப்பிடலாம்னு நினைச்சேன். அதுக்குள்ள ஒரு பழத்துல ஊத்துப் படம் கண்ணுல பட்டுச்சு. பிரிச்சுப் பார்த்தா எல்லாப் பழத்துலயும் உங்க முதல் பக்கம்தான் சுத்தியிருக்கு. ஒண்ணுலயும் படம் கசங்கல."

எல்வின் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு ஊத்தைப் பார்க்க மேல வரேன்" என்றது குரல். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்களுக்குப் படம் எடுத்துக் கொடுத்தவங்களும் இந்தப் பழத்தைச் சுத்துனவங்களும் ஒரே ஆள்தானே? பேர் என்ன?"

சாரா வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எல்வின் கழற்றி வைத்த பலகையை மடிமேல் இழுத்துத் தூசியைத் துடைத்தார்.

"அதை மட்டும் கேக்காதீங்க, மேடம்."

உங்கள் வீட்டுக் குடம் ஒருநாளும் வற்றாமல் இருக்கட்டும், சாமிகளா.