குனிந்த தலை

மாரா சமவெளியில் மாடு மேய்த்தே நரைத்தவன் நான். சஃபாரி ஜீப்பில் விருந்தாளியாக ஏறியது அன்றுதான் முதல்முறை. ஓட்டியவள் என் மகள் நசேரியன்.

எங்கள் இனத்தில் பிள்ளைகள் பெரியவர்முன் தலை குனிவார்கள்; பெரியவர்கள் அந்தத் தலையைத் தொட்டு வாழ்த்துவோம். என் மூத்த மகன் மட்டும் ஒருநாள் காலை அவசரத்தில் குனியாமல் போனான். ஆற்று வெள்ளம் அவனைத் திருப்பித் தரவில்லை.

மழையற்ற அந்த நண்பகலில் ஓர் இளம் சிங்கம் என் பக்கமாக வந்து, தலை குனிந்து நின்றது.

"அப்பா, கையை உள்ள இழுங்க! அது என்ன கன்னுக்குட்டியா?"

"குனிஞ்ச தலையைத் தொடாம விட்டா நம்ம குடும்பத்துக்கு என்னம்மா மரியாதை?"

தொட்டேன். பிடரி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"அப்பா, இது நம்ம..."

"போனவன் பேரைச் சொல்லக் கூடாதும்மா."

நசேரியன் எஞ்சினை அணைத்தாள். என் பக்கம் திரும்பித் தானும் தலை குனிந்தாள். எனக்கு இரண்டு கைகள் இருந்தன.