கடைசி வரிசை, ஜன்னலோரம்

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு அறைக் கதவைத் திறந்த நெட்டைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அறைத்தோழன் தூங்குமூஞ்சி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"டேய்! ஒன்பது மணிக்கு விசா ஆபீஸ்ல இருக்க வேண்டியவன் நீ!"

போர்வை அசைந்தது. "தூங்கிட்டேன்டா."

பட்டப்பெயர் சும்மா வரவில்லை. பேருந்தில் நின்றுகொண்டே தூங்குவான். சலவை இயந்திரத்தின் மேல் சாய்ந்து தூங்குவான். வகுப்பில் கேள்வி கேட்டால் தூக்கத்திலேயே "ப்ரெசென்ட் சார்" என்பான். ஆனால் இன்றைக்குமா?

அவன் அப்பா பக்கவாதம் வந்து ஊரில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வெளிநாட்டு மாணவன் நினைத்தவுடன் கிளம்பிவிட முடியாது. கல்லூரி விசா அலுவலகத்தில் விடுப்புக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனால் அடுத்த பருவத்தில் திரும்பி வரலாம். வாங்காமல் போனால் விசா ரத்து. படிப்பு அதோடு சரி.

"அலாரம் வைக்கலையா?"

"வெச்சேன்."

"எட்டு மணிக்கு நான் கிளம்புறப்போ எழுந்துட்டியான்னு கேட்டேனே, 'உம்'னியே!"

"அதையும் தூக்கத்துலதான் சொல்லியிருப்பேன்."

"எழுந்திரு. இப்பவே போய்க் கையில கால்ல விழுவோம்."

"வேணாம்டா. அடுத்த தேதி பத்து நாள் கழிச்சுத்தான் தருவாங்க. நாளைக்கு ஃப்ளைட். அம்மா தனியா அல்லாடுறாங்க."

நெட்டைக்குக் கோபம் தலைக்கேறியது. விசா என்றால் என்ன என்று போன வாரம்தான் பட்டுத் தெரிந்துகொண்டிருந்தான்.

மாணவர் விசா நிலைக்க நாலு பாடம் படிக்க வேண்டும். அவனுடைய நாலாவது வகுப்பை, ஆள் சேரவில்லை என்று கல்லூரி எடுத்துவிட்டது. மற்ற எல்லா வகுப்புகளும் நிரம்பிவிட்டன. தூங்குமூஞ்சி படிக்கும் வகுப்பின் காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் நெட்டையுடையது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் யாராவது விலகினால்தான் உண்டு. அதற்கப்புறம் காலியாகும் இடம் காலியாகவே கிடக்கும்.

வெள்ளி நாலேகாலுக்கு அவன் அழுதே விட்டான். நாலு இருபதுக்கு அவன் போன் ஒலித்தது. இடம் கிடைத்துவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான் விலகியிருந்தான்.

அன்று தூங்குமூஞ்சி அறைக்குத் திரும்பியதும் நெட்டை அவனைக் கட்டிப்பிடித்துக் குதித்தான். "இனி ஒரே வகுப்புடா! உன் குறட்டையைப் பக்கத்துலயே உட்கார்ந்து கேட்கணும்!"

"கடைசி வரிசை, ஜன்னலோரம் என் இடம். நான் ஊருக்குப் போனதும் நீ அதுல உட்கார்ந்துக்கோ. வெயில் நல்லா வரும்" என்று சிரித்தான் அவன்.

அப்படிச் சிரித்தவன்தான் இப்போது கொட்டாவி விடுகிறான்.

"ஒரு பாடத்துக்காக ஒரு வாரம் சோறு தண்ணி இல்லாம அலைஞ்சேன். எங்க வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆள் நான். உங்க வீட்டுலயும் நீதானே முதல்? உனக்கு இதெல்லாம் இளக்காரமாப் போச்சா?"

தூங்குமூஞ்சி எழுந்து சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தான்.

"உங்க அப்பா கண்ணைத் திறந்து, 'படிப்பு என்னடா ஆச்சு'ன்னு கேட்டா என்ன சொல்லுவே? தூங்கிட்டேன்பியா?"

மடித்த சட்டையையே மறுபடி பிரித்து மடித்தான் அவன்.

மறுநாள் கிளம்பும்போது கேட்டான். "பஸ் ஸ்டாப் வரைக்கும் வர்றியா?"

"எனக்கு வேலை இருக்கு." நெட்டை போனிலிருந்து தலையை எடுக்கவில்லை.

தன் அலாரம் கடிகாரத்தை நெட்டையின் மேசையில் வைத்துவிட்டுப் போனான் தூங்குமூஞ்சி.

"இது வேற கேடு" என்று அதை இழுப்பறைக்குள் தள்ளி மூடினான் நெட்டை.

வெள்ளிக்கிழமை செய்தி வந்தது. மகன் போய்ச் சேர்ந்து ஒரே நாள்தான் அப்பா இருந்தாராம்.

நெட்டைக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேரே விசா அலுவலகத்துக்குப் போனான். அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு, அங்கிருந்த அம்மாளிடம் நின்றபடியே கெஞ்சினான்.

"மேடம், என் ரூம்மேட் பண்ணினது தப்புதான். திங்கட்கிழமை ஒன்பது மணி அப்பாயின்ட்மென்ட்டைத் தூங்கித் தொலைச்சுட்டான். ஆனா அவன் அப்பா இறந்துட்டார், மேடம். தூங்கினதுக்காக ஒருத்தன் படிப்பே போகணுமா?"

அந்த அம்மாள் கணினியைப் பார்த்தார். பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"தூங்கிட்டாரா? அந்த அப்பாயின்ட்மென்ட்டைப் போன வெள்ளிக்கிழமையே ரத்து பண்ணிட்டோமே. அப்ப அவர் இங்கதான் உட்கார்ந்திருந்தார்."

"வெள்ளிக்கிழமையா?"

"ஒரு பாடத்தை இப்பவே விடணும்னு வந்து நின்னார். விடுப்புக் கையெழுத்துக்கு முன்னாடி விட்டா விசா போயிடும், திங்கட்கிழமை வரைக்கும் பொறுங்கன்னு மூணு தடவை சொன்னேன். கேட்கலை. 'திங்கட்கிழமை விட்டா அந்த இடம் யாருக்கும் போகாதே, மேடம்'னார்."

நெட்டை எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

"கடைசியா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். 'காத்திருக்கிறவங்கள்ல முதல் பேர் மாறலையே'ன்னு. மாறலைன்னேன். அப்புறம்தான் பாடத்தை விடுற தாள்ல கையெழுத்துப் போட்டார்."

அந்த அம்மாள் மேசையிலிருந்த அடையாள அட்டையை எடுத்துப் படித்தார். அதைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் குரல் இறங்கியிருந்தது.

"இந்தப் பேர்தான்."